ஐந்தாம் மாதம்: சுறா, வஞ்சிரம் சாப்பிடலாமா? கழிமுகத்து மீன், நண்டு பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்: திருவொற்றியூர்ப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். எங்கள் வீட்டில் மீன் குழம்பு இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காது, வெள்ளி, சனி போனால் மற்ற நாள் எல்லாம் ஏதாவது ஒரு மீன் அடுப்பில் இருக்கும். போன தடவை ஸ்கேனுக்குப் போனபோது டாக்டர் "மீன் நல்லா சாப்பிடுங்க, பெரிய மீன் மட்டும் வேண்டாம், பாதரசம் இருக்கும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். பெரிய மீன் என்றால் எது? வஞ்சிரம் சேருமா? கொடுவா? சங்கராவில்கூடப் பெரிது வருகிறதே.

இதில் இன்னொரு சிக்கல். பிள்ளை பிறந்ததும் பால்சுறாப் புட்டு செய்து தர வேண்டும் என்று என் மாமியார் இப்போதே மீன்காரம்மாவிடம் சொல்லி வைத்துவிட்டார். அவருக்கு நாலு பிள்ளைக்கும் அதுதான் கொடுத்தார்களாம், பால் வற்றவே இல்லையாம். மாமனார் அவ்வப்போது எண்ணூர்ப் பக்கம் போய் மடவை, இறால், நண்டு எல்லாம் உயிரோடு வாங்கி வருவார், ஐஸ் மீனைவிட அது நல்லது என்பது அவர் கட்சி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் சித்தப்பா "கடல் மீன் முழுக்க ஈயம், சாப்பிட்டால் கேன்சர்" என்று ஒரு வீடியோ போட்டதிலிருந்து எனக்குத்தான் தூக்கம் போனது, வீட்டில் மற்ற எல்லோரும் சிரிக்கிறார்கள்.

புளியோ மஞ்சளோ போட்டு ஊறவைத்தால் இந்த உலோகம் எல்லாம் போய்விடுமா? அல்லது பிள்ளை பிறக்கும்வரை மீனையே விட்டுவிடுவதுதான் சரியா?

பதில்: குழம்புச்சட்டி

பயப்படாதீங்க சிஸ்டர். நம்ம பாட்டிங்க எல்லாம் மீன் தின்னுதான் பத்துப் பிள்ளை பெத்தாங்க. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நல்லா அலசி, புளித்தண்ணியில அரை மணி நேரம் ஊறவெச்சா எந்த விஷமா இருந்தாலும் இறங்கிடும். செவுளையும் குடலையும் எடுத்துட்டா முடிஞ்சது வேலை. வாட்ஸ்அப்ப முதல்ல டெலீட் பண்ணுங்க.

பதில்: மீன்வளம் படிச்சவன்

குழம்புச்சட்டி சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறான பாதி ஒரு கர்ப்பிணிக்குச் சொல்லப்பட்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மீனில் இருக்கும் பாதரசத்தில் பெரும்பகுதி மெதில் பாதரசம் என்ற வடிவில் இருக்கிறது. நிலக்கரி எரிப்பது, சிறு தங்கச் சுரங்கங்கள், சில தொழிற்சாலைகள் என்று பல வழிகளில் வெளியேறும் பாதரசம் கடைசியில் தண்ணீரில் வந்து விழுகிறது. அடிச்சேற்றில், காற்று புகாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அதை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ள, அவற்றைச் சிறு மீன் தின்ன, சிறு மீனை நடுத்தர மீன் தின்ன, அதைச் சுறா தின்ன, ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறிக்கொண்டே போகும். டாக்டர் சொன்ன "பெரிய மீன்" என்பது வெறும் உருவக் கணக்கு இல்லை. மற்ற மீன்களைத் தின்று, பல வருடம் வாழ்ந்த மீன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கட்லா பத்து கிலோ இருந்தாலும் அது மிதவையுயிர்களைத் தின்னும் குளத்து மீன், அந்தப் பட்டியலில் வராது.

இந்த மெதில் பாதரசம் மீனின் தசையில் உள்ள புரதத்தோடு கெட்டியாகப் பிணைந்திருக்கும். தோலில் இல்லை, கொழுப்பில் இல்லை, நாம் ஆசையாகக் கேட்டு வாங்கும் நடுத்துண்டிலேயே இருக்கிறது. புளியில் ஊறவைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் இறங்காது. வறுக்கும்போது தண்ணீர் வற்றுவதால் அதே எடையுள்ள துண்டில் அளவு கொஞ்சம் கூடித்தான் தெரியும். ஈயமும் காட்மியமும் வேறு மாதிரி, அவை பெரும்பாலும் செவுள், ஈரல், சிறுநீரகம், குடல் இவற்றில் சேரும், தசையில் குறைவு. ஆகவே செவுளையும் குடலையும் எடுத்துவிடச் சொன்னது அந்த இரண்டுக்கு நல்ல யோசனை, பாதரசத்துக்குப் பயன் இல்லை.

சரி, எவ்வளவு சாப்பிடலாம்? உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2003ல் ஒரு வரம்பு வைத்தது: உடல் எடை ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெதில் பாதரசம். வயிற்றில் இருக்கும் கருவை மனதில் வைத்துத்தான் அந்த எண்ணைக் குறைத்தார்கள். உங்கள் எடை 55 கிலோ என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 88 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அங்கே விற்கும் மீன்களை வருடக்கணக்கில் அளந்து சராசரி வெளியிட்டிருக்கிறது. அதன்படி மத்தி வகையில் கிலோவுக்கு 0.013 மில்லிகிராம், நெத்திலி வகையில் 0.016, இறாலில் 0.009. சுறாவில் 0.979. நீங்களே போட்டுப் பாருங்கள், மத்தி என்றால் வாரம் ஏறக்குறைய ஆறே முக்கால் கிலோ தின்றால்தான் வரம்பைத் தொடும், சுறா என்றால் 90 கிராமிலேயே முடிந்தது. 90 கிராம் என்பது ஒரு கரண்டிப் புட்டு கொஞ்சம் தாராளமாக. இவை அங்கத்துக் கடல்களின் எண்கள், வங்காள விரிகுடா மீனுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை, ஆனால் மத்திக்கும் சுறாவுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி எந்தக் கடலிலும் இப்படித்தான் இருக்கும், காரணம் மேலே சொன்ன உணவுச் சங்கிலி.

வஞ்சிரம் நடுவில் நிற்கிற மீன். அமெரிக்காவில் கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்று சொல்லும் பட்டியலில் சுறா, கத்திமீன், பெருங்கண் சூரையோடு வஞ்சிரத்தின் அட்லாண்டிக் உறவு மீன் ஒன்றும் இருக்கிறது, அதன் சராசரி 0.73. அதே பேரினத்தின் இன்னொரு வகையில், பிடிக்கும் கடலைப் பொறுத்து, 0.18லிருந்து 0.45 வரை. நம் வஞ்சிரம் இவற்றோடு ஒரே பேரினம். என்னைக் கேட்டால் ஏழெட்டு கிலோ வஞ்சிரத்தில் வெட்டிய அகலமான துண்டை இந்த நான்கு மாதம் ஒதுக்குங்கள், ஒன்றரை இரண்டு கிலோவுக்குள் இருக்கும் சிறிய மீனில் வாரம் ஒரு துண்டு என்றால் கவலைப்பட மாட்டேன். கொடுவாவும் பெரிய பாறை மீனும் அதே கணக்குதான். சங்கரா, வவ்வால், கானாங்கெளுத்தி, கிழங்கான், காரப்பொடி இவற்றில் தயக்கம் வேண்டாம்.

மீனையே விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு மத்தி, கானாங்கெளுத்தி அளவுக்கு மலிவாக வேறு எதிலும் கிடைக்காது. சீஷெல்ஸ் தீவுகளில் வாரம் சராசரியாகப் பன்னிரண்டு வேளை மீன் சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள், தெளிவான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஃபாரோ தீவுகளில் இதே மாதிரி பார்த்தபோது பிள்ளைகளின் நினைவாற்றலிலும் மொழித் திறனிலும் சிறு குறைவு தெரிந்தது, ஆனால் அவர்கள் தின்றது திமிங்கில இறைச்சி. மீன் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பயப்படுவதால்தான் குழப்பம்.

பதில்: கொசஸ்தலை மகன்

மேலே எழுதிய அண்ணன் நல்லா சொல்லியிருக்கார். ஆனா இந்த மாதிரி ஒவ்வொரு பேச்சு கிளம்பும்போதும் எங்க கூடைதான் முதல்ல விற்காம போகுது, அதையும் யாராவது எழுதணும்னு நான் எழுதுறேன்.

நான் எண்ணூர் ஆத்துல வலை போடுற குடும்பம். எங்க அப்பா காலத்துல கழிமுகத்துல இறங்கினா காலுல மணல் படும், இப்ப சாம்பல் சேறு. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொண்டுபோற குழாய் ஒழுகி ஒழுகி ஆத்துல படிஞ்சது ஊரறிஞ்ச விஷயம், பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. நிலக்கரிச் சாம்பல்ல ஈயம், ஆர்சனிக், பாதரசம் எல்லாம் உண்டுன்னு படிச்சவங்க சொல்றாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வேற வந்து படகு, வலை, அலையாத்தி மரம்னு எல்லாத்துலயும் அப்பிச்சு. அதே மாசக் கடைசியில அமோனியா கசிவு, ஊரே ராத்திரியில எழுந்து ஓடினோம். இதுக்கெல்லாம் காரணமானவங்க யாரும் சந்தைக்கு வந்து "இந்த மீன் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றதில்ல. நாங்கதான் பதில் சொல்லணும்.

தங்கச்சி கேட்டதுக்கு நேரா சொல்றேன். ஆத்துக்குள்ள பிடிக்கிற மடவை, இறால், நண்டு, ஆளிச் சிப்பி இதுங்க வேற, கடல்ல ஏழெட்டு மைல் போய்ப் பிடிச்சிட்டு வர்ற மீன் வேற. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துல வர்றதுல பெரும்பகுதி கடல் மீன்தான். எண்ணூர்னு பேரைக் கேட்டதும் எல்லாத்தையும் ஒதுக்காதீங்க. ஆனா மாசமா இருக்கிற பொண்ணுக்கு ஆத்து ஆளியையும் நண்டையும் நானே கொடுக்க மாட்டேன். எங்க வீட்டுலயும் கொடுக்கல.

பதில்: மீன்வளம் படிச்சவன்

கொசஸ்தலை மகன் தம்பிக்கு நன்றி, நான் விட்டதை நீங்கள் பிடித்தீர்கள். ஆளி மாதிரி இருக்கும் சிப்பிகள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்பவை, பக்கத்தில் என்ன கலந்தாலும் அது அவற்றின் உடம்பில் தெரியும். அதனால்தான் கடல் மாசை அளக்க உலகம் முழுக்கச் சிப்பியையே பிடித்துச் சோதிக்கிறார்கள். மடவை அடிச்சேற்றை உறிஞ்சித் தின்னும் மீன், சேறு எப்படியோ குடல் அப்படி. சுத்தம் செய்யும்போது குடல் உடையாமல் எடுக்க வேண்டும்.

நண்டில் ஒரு விஷயம். ஓட்டைத் திறந்ததும் மஞ்சளும் பழுப்புமாகக் குழைவாக ஒன்று இருக்குமே, பலர் அதைத்தான் விரலால் வழித்துத் தின்பார்கள். அது நண்டின் செரிமானச் சுரப்பி, ஈரல் மாதிரி வேலை செய்வது, காட்மியம் அங்கேதான் கூடுகிறது. கால் சதையில் மிகக் குறைவு. கணவாயும் அப்படியே, உள்ளுறுப்பை முழுதாக நீக்கினால் பெரும்பகுதி போய்விடும். இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன கணவாய்ப் பெட்டிகள் காட்மியம் அதிகம் என்று திரும்பி வந்திருக்கின்றன, ஏற்றுமதிக்கு அனுப்புவதைச் சோதிக்கும் அளவுக்கு உள்ளூர்ச் சந்தையில் சோதிப்பதில்லை என்பது என் பழைய எரிச்சல், அது இங்கே வேண்டாம். காட்மியம் உடம்பை விட்டு எளிதில் வெளியேறாது, சிறுநீரகத்தில் பத்து முப்பது வருடம் தங்கும்.

பதில்: லேப் அக்கா

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே வரும் கேள்விகளை வைத்துச் சில விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, மினமாட்டா. இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஜப்பானில் ஒரு ரசாயன ஆலை 1932லிருந்து 1968 வரை பாதரசக் கழிவை வளைகுடாவில் விட்டது. முதலில் பூனைகள் வலிப்பு வந்து சுழன்று விழுந்தன, 1956ல் மனித நோயாக அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் ஆலை கழிவை விட்டுக்கொண்டே இருந்தது என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். அங்கே தாய்க்குப் பெரிதாக எதுவும் தெரியாமல் பிள்ளை மட்டும் கடுமையான மூளைப் பாதிப்போடு பிறந்தது. கருவின் ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிட மெதில் பாதரசம் கூடுதலாகச் சேரும் என்பதால் அப்படி. கர்ப்பிணிக்குத் தனியாக எச்சரிக்கை சொல்வது இதற்காகத்தான். ஆனால் மினமாட்டா மீனில் இருந்த அளவும் காசிமேட்டுச் சங்கராவும் ஒன்று என்று நினைக்காதீர்கள், அது ஒரு குழாயின் வாயில் வளர்ந்த மீன்.

இரண்டு, "உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றும்" பொடி, பானம், காலில் ஒட்டும் பட்டை என்று இணையத்தில் விற்பதை எதையும் வாங்காதீர்கள். மெதில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐம்பதிலிருந்து எழுபது நாள் ஆகும், பெரிய மீனை நிறுத்தினால் உடம்பே மெல்ல வெளியேற்றிவிடும். உலோகத்தைப் பிணைத்து எடுக்கும் மருந்துகள் கடுமையான நச்சேற்றத்துக்கு மட்டும், அதுவும் மருத்துவமனையில். அதைவிட முக்கியம், பாதரசமோ ஈயமோ சேர்த்துச் செய்த செந்தூரம், பற்பம் மாதிரிச் சித்த மருந்து எதையும் கர்ப்பத்தில் யார் சொன்னாலும் தானாக எடுக்காதீர்கள்.

மூன்று, ஈயத்துக்கு மீனைச் சந்தேகிக்கும் முன் அடுக்களையைப் பாருங்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு நல்லதாக இருந்தால் அது வெள்ளீயம் (டின்), கலப்படமாக இருந்தால் அதில் காரீயம், அதாவது நாம் இங்கே பேசும் ஈயம் இருக்கும், புளிப்புப் பட்டால் ரசத்தில் இறங்கும். பளிச்சென்ற நிறத்துக்காகச் சில இடங்களில் மஞ்சள்தூளில் ஈயக் குரோமேட் கலக்கிறார்கள். உங்கள் சித்தப்பா வீடியோவை நான் பார்க்கவில்லை, ஆனால் இந்த மாதிரி வீடியோக்களில் ஃபார்மலினையும் உலோகத்தையும் ஒன்றாகக் குழப்புவது வழக்கம். ஃபார்மலின் கெடாமல் இருக்க ஆள் தடவுவது, அது மீன் பிடித்த பிறகு நடக்கும் திருட்டு. உலோகம் மீன் உயிரோடு இருக்கும்போதே சேர்ந்தது. உயிர் மீன் வாங்கினால் முதலாவது இருக்காது, இரண்டாவது இருக்கலாம், மாமனாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்பீர்கள். வாரம் முழுக்கச் சுறாவும் சூரையும் தின்றிருந்தால் டாக்டரிடம் கேட்கலாம், இல்லையென்றால் காசுக்குத்தான் கேடு.

பதில்: குழம்புச்சட்டி

புளியில போகாதுங்கறது எனக்குப் புதுசு. ஆனா சுறாப்புட்டை எல்லாரும் சேர்ந்து வில்லன் ஆக்கிட்டீங்க. காலங்காலமா பிள்ளை பெத்தவளுக்குக் கொடுக்கறது, சும்மாவா கொடுத்திருப்பாங்க?

பதில்: திருவொற்றியூர்ப் பொண்ணு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, டாக்டர் ஒரு வரியில் சொன்னது இப்போதுதான் புரிகிறது. இன்னும் இரண்டே கேள்வி. சுறாப்புட்டு பிரசவத்துக்குப் பிறகுதானே, அப்போதும் ஆகாதா? அப்புறம் கருவாடு. எனக்கு இப்போது வாய்க்கு அதுதான் பிடிக்கிறது, நெத்திலிக் கருவாடும் சுறாக் கருவாடும் வீட்டில் இருக்கிறது.

பதில்: மீன்வளம் படிச்சவன்

குழம்புச்சட்டிக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சும்மா கொடுக்கவில்லைதான். பிள்ளை பெற்ற உடம்புக்கு முள் இல்லாத, எளிதில் செரிக்கிற புரதம், கூடவே கை நிறையப் பூண்டு, மிளகு, நல்லெண்ணெய், புட்டு நல்ல சாப்பாடு. பால் சுரக்க வைக்கும் தனிச் சத்து சுறாவில் இருப்பதாக நிரூபணம் எதுவும் இல்லை, வயிறாரச் சாப்பிட்டு, பிள்ளைக்கு அடிக்கடி பால் கொடுத்தால் பால் ஊறும். முன்பு புட்டுக்குப் போட்டது பெரும்பாலும் ஒரு முழம்கூட இல்லாத குட்டிப் பால்சுறா. அதில் பெரிய சுறா அளவுக்குப் பாதரசம் சேர்ந்திருக்காது. இப்போது கடையில் பெரிய சுறாவைத் துண்டு போட்டுப் "புட்டுக்கு" என்று விற்கிறார்கள், தோலுரித்த துண்டைப் பார்த்து எந்த அளவு மீன் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

தாய்ப்பாலில் மெதில் பாதரசம் இறங்குவது, தொப்புள்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு. ஆகவே பிரசவத்துக்குப் பிறகு மாமியார் மனம் நோகாமல் ஒருநாள் இரண்டு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது, நாற்பது நாளும் அதையே கொடுப்பதுதான் வேண்டாம். இன்னொரு கணக்கும் இருக்கிறது, 2018ல் சர்வதேச உணவுத் தர ஆணையம் சுறாவுக்குக் கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் வரை மெதில் பாதரசத்தை அனுமதித்தது, சூரைக்கு 1.2. அது சந்தையில் நடைமுறைப்படுத்த முடிகிற அளவு பார்த்து வைத்த வணிக வரம்பு. "சோதனையில் தேறிய மீன்" என்று யாராவது சொன்னாலும் அது உங்கள் நிலைமைக்குச் சொன்ன வார்த்தை இல்லை.

புட்டே வேண்டும் என்றால் கானாங்கெளுத்தியை மஞ்சள் போட்டு வேகவைத்து முள் எடுத்து உதிர்த்துச் செய்யச் சொல்லுங்கள், கொஞ்சம் வாடை கூடுதல், பூண்டை அள்ளிப் போட்டால் சரியாகிவிடும்.

கருவாட்டில் தண்ணீர் போய்விடுவதால் அதே எடைக்கு உலோகமும் இரண்டு மூன்று மடங்கு கூடும். நெத்திலியில் ஆரம்ப அளவே சொற்பம், மூன்று மடங்கானாலும் கவலை இல்லை, உப்புக்காக மட்டும் வெந்நீரில் ஊறவைத்து அலசுங்கள், உங்கள் ரத்த அழுத்தத்துக்கு அது நல்லது. சுறாக் கருவாட்டை இப்போதே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

பதில்: கொசஸ்தலை மகன்

யாருக்குக் கொடுத்தாலும் பக்கத்து வீட்டு மாசமான பொண்ணுக்குக் கொடுத்துடாதீங்க. தங்கச்சி, காசிமேடு வந்தா விடிகாலைல வாங்க, மீனை முழுசா பார்த்து எடை போட்டு வாங்கிட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்க. வெட்டி வெச்ச துண்டை வாங்காதீங்க. கானாங்கெளுத்தி நல்லா வர்ற சீசன்ல விலையும் பாதிதான்.